என் கணவர் சம்மதிக்க மாட்டார்

அத்தியாயம் 11

பாகம் பிரிப்பதற்காக ஆறுச்சாமி மூணாறு மலையிலிருந்து, சித்தூரை ஒட்டிய குடும்பத் தோட்டத்துக்கு வந்து மூன்று நாளாகிவிட்டது. அண்ணன் மாரப்பன் முதல் இரண்டு நாளும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள், மாசி மாதத்துத் திங்கட்கிழமை காலையில், "கெணத்து மேட்டுக்கு வா தம்பி" என்று கூப்பிட்டான்.

கூப்பிட்ட விதமே ஆறுச்சாமிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனான்.

அவன் மலைக்குப் போய் எட்டு வருஷம். மனைவி சரஸ்வதிக்கு மூணாறு தமிழ்ப் பள்ளியில் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தபோது, "பொண்டாட்டி பின்னால போறான்" என்று சாதிசனமெல்லாம் சிரித்தது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். ஏர் பிடித்த கைக்கு அங்கே வேலை எது? போடிக்காரர் ஒருவரின் பலசரக்குக் கடையில் தராசு பிடித்தான். கடைத்தெருவில் அவனுக்குப் பெயர் கிடையாது. டீச்சர் வீட்டுக்காரர், அவ்வளவுதான். மார்கழி பிறந்தால் நெஞ்சில் சளி கட்டும். பங்குனி வரைக்கும் இருமுவான்.

வருஷா வருஷம் அவன் கேட்பான். "கீழ மாத்தல் கெடைக்காதா சரசு?"

"சித்தூர்ப் பக்கம் எடமே காலியில்லீங்க" என்பாள் அவள்.

அதற்கு மேல் அவன் கேட்டதில்லை. சென்ற ஐப்பசியில் அப்பா இறந்தபோதும் கேட்கவில்லை.

கிணற்று மேட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாரப்பன் அதை நிறுத்திவிட்டு வந்து எதிரே நின்றான்.

"நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். வடக்கால ஊடும் இந்தக் கெணத்து வயலும் உனக்குன்னு அப்பன் சொல்லீட்டுத்தான் போனாரு. நான் இல்லீங்கலெ. ஆனா நீ குடும்பத்தோட வந்து அந்த ஊட்ல இருந்தாத்தான்."

"வரலீன்னா?"

"வரலீன்னா மேட்டாங்காட்டை எடுத்துக்க."

"அதுல என்னங்ணா வெளையும்? கள்ளியும் கருவேலமுந்தான் மொளைக்கும்."

"தெரியுதில்ல?"

"ஏனுங்ணா, இது ஞாயமா?"

மாரப்பன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அப்பன் ஏழு மாசம் படுக்கையில கெடந்தாரு. பீ மூத்தரம் அள்ளுனது உங்க அண்ணி. நீ ரெண்டு தடவெ வந்து எட்டிப் பாத்துட்டு, லீவு இல்லீன்னு போயிட்டே. ஞாயத்தை நீயே சொல்லு."

ஆறுச்சாமி வரப்பைப் பார்த்தான்.

"வேலைய அங்க போட்டுட்டாங்க. நானென்னங்ணா பண்ணட்டு?"

"மனுசன் எங்க இருக்கறதுன்னு மொதல்ல முடிவு பண்ணோணும். அப்பறம் அங்க என்ன பொழப்பு இருக்குதுன்னு பாக்கோணும். நீ தலைகீழாப் பண்ணிப்போட்டே. வேலை எங்க கூப்புடுதோ அங்க போயி ஊடு தேடுனே. இன்னைக்கு இந்த மண்ணும் வேணுங்கறே."

"ரெண்டு மாசம் டயம் குடுங்க."

"வைகாசி வரைக்கும் குடுக்கறேன். நடவுக்கு முந்தி ஒரு முடிவு தெரியோணும்."

ஆறுச்சாமி வீட்டுக்குப் போகவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகச் சித்தூருக்கு நடந்தான். கடையில் யாரோ ஒரு வாத்தியார் சொன்னது நினைவுக்கு வந்திருந்தது. காலியிடம் இல்லாவிட்டால் என்ன, இங்கே இருக்கிற ஒரு டீச்சர் அங்கே போகச் சம்மதித்தால் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாமாம். சர்க்காரே அதற்கு ஒரு விண்ணப்பப் பாரம் வைத்திருக்கிறதாம். சரசுவுக்கு இது தெரியாது போலிருக்கிறது. தானே ஓர் ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டு போய் நின்றால் அவள் முகம் எப்படி மலரும் என்று நினைத்தபடியே நடந்தான்.

சித்தூர்த் தமிழ்ப் பள்ளியில் மணி அடிக்க இன்னும் கால்மணி இருந்தது. வராந்தாவில் நின்ற பியூனிடம் விஷயத்தைச் சொன்னான்.

"மூணாறுக்குப் போக ஆள் வேணுமா?" பியூன் சிரித்தார். "அதுக்கு எங்க சிசிலி டீச்சர் இருக்காங்களே. தூக்கத்துலயும் மூணாறுன்னுதான் சொல்வாங்க."

சிசிலிக்கு முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. கையில் சாக்பீஸ் பெட்டியோடு வந்தவள், மூணாறு என்ற பேச்சைக் கேட்டதும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"நீங்க யாரு சார்?"

"மூணாறுல சரஸ்வதி டீச்சர்னு ஒருத்தங்க. அவிய ஊட்டுக்காரன் நான்."

அவள் முகம் மாறியது. அது சந்தோஷம் இல்லை.

"நீங்கதானா?"

"என்னெத் தெரியுமுங்களா?"

"தெரியாது. ஆனா ரெண்டு வருஷமா உங்களை வைஞ்சுக்கிட்டு இருக்கேன். காலையில ஜெபம் பண்ணும்போதுகூட." அவள் சாக்பீஸ் பெட்டியை ஜன்னல் திட்டில் வைத்தாள். "இப்ப எதுக்கு வந்தீங்க? மனசு மாறிட்டீங்களா?"

"என்ற மனசு எதுக்கு மாறோணும்? நாங்க இங்க வர்றதுக்கு, அங்க போற ஆளை நான்தானுங்க தேடி வந்திருக்கறேன்."

சிசிலி அவனையே பார்த்தாள். பிறகு உள்ளே போய், தன் தோல்பையிலிருந்து மூன்று கடிதங்களைக் கொண்டுவந்து நீட்டினாள்.

உருண்டை உருண்டையான எழுத்து. ஆறுச்சாமி அண்ணனுக்குப் போடும் கார்டையெல்லாம் சரசு எழுதிக்கொடுக்கிற அதே எழுத்து. கடைசிக் கடிதம் சென்ற மாதத் தேதியில் இருந்தது.

'அன்புள்ள சிசிலி டீச்சருக்கு, உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் என் கணவருக்கு இந்த ஊரும் குளிரும்தான் பிடித்திருக்கிறது. கீழே வர அவர் ஒருபோதும் சம்மதிக்க மாட்டார். என் கையில் ஒன்றும் இல்லை. இனிமேல் இதுபற்றி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.'

அவன் இரண்டு தடவை படித்தான். மூன்றாவது தடவை, 'என் கணவர்' என்ற இடத்திலேயே கண் நின்றுவிட்டது.

"நான் சொல்லலீங்க" என்றான்.

"என்னது?"

"இது நான் சொன்னதில்லீங்க டீச்சர். இப்படி ஒரு பேச்சு நடந்ததே எனக்குத் தெரியாது."

சிசிலி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நான் பொறந்ததே மூணாறு எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுலதான் சார். எங்க வீட்டுக்காரர் அங்க பேக்டரியில இருக்காரு. இங்க நான் ரெண்டு டீச்சர்களோட ஒரே ரூம்ல கெடக்கேன். பையனை எங்கம்மாகிட்ட விட்டுட்டு வரும்போது அவனுக்கு ரெண்டு வயசு. போன கிறிஸ்மஸுக்குப் போயிருந்தேன். என்னைப் பாத்துட்டு உள்ள ஓடி, 'பாட்டி, டீச்சர் வந்திருக்காங்க'ன்னு சொல்லுதான்."

மணி அடித்தது. பிள்ளைகள் வரிசைக்கு ஓடினார்கள்.

"பாரம் என்கிட்ட இருக்கு. என் பக்கத்தை நெரப்பி ஒப்புப் போட்டுட்டேன். எதுக்குப் போட்டேன்னு எனக்கே தெரியலை. வெள்ளிக்கிழமை கடைசி நாள்." அவள் அதையும் கொண்டுவந்து கொடுத்தாள். "கொண்டுபோங்க. கிழிச்சுப் போட்டாலும் போட்டுக்கிடுங்க. இனி உங்களை வைய மாட்டேன். அது மட்டும் நிச்சயம்."

தோட்டத்துக்குத் திரும்பும்போது ஆறுச்சாமிக்கு வெயில் தெரியவில்லை. தன்னை ஏமாற்றியதுகூடப் பெரிதாகப் படவில்லை. முகம் தெரியாத ஒருத்தி விடியற்காலையில் எழுந்து தன்னைச் சபித்திருக்கிறாள். அந்தச் சாபத்தில் நிற்கும்படி தன்னைப் பிடித்துத் தள்ளியது சரசு. அதுதான் தாங்கவில்லை.

மாரப்பன் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, வைகாசிக்குள்ள குடும்பத்தோட வந்தர்றேன். வடக்கால ஊட்டை வெள்ளையடிச்சு வெய்யுங்க."

மாரப்பன் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான். "சரஸ்வதியைக் கேக்க வேண்டாமா?"

"கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்ணா."

"வாக்கா?"

"வாக்குத்தான்."

பொள்ளாச்சிக்கு ஒரு பஸ், உடுமலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து மலை பஸ். மறையூரில் டீ குடிக்க இறக்கினார்கள். அவன் இறங்கவில்லை. பையிலிருந்த பாரம் மடங்கிவிடாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு தடவை குளிர் கூடிற்று. இருமல் வந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டை எட்டினான். வாடகை வீடுதான், இரண்டு அறை, தகரக் கூரை. கதவு திறந்திருந்தது. உள்ளே சரஸ்வதி பாயில் உட்கார்ந்து, பக்கத்து லயத்து மூக்கம்மாளுக்குச் சிலேட்டில் எழுதக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட இன்னும் இரண்டு பெண்கள், கொழுந்து பறித்த கையோடு வந்தவர்கள்.

"எக்கா, இது 'மூ'வா, மூஞ்சூறா?" என்று மூக்கம்மாள் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சரஸ்வதி வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

ஆறுச்சாமி வாசலிலேயே நின்றான். தோட்டத்து வீட்டில் அவள் இருந்த இரண்டு வருஷத்தில் இந்தச் சிரிப்பை அவன் கேட்டதே இல்லை. இங்கே தினம் கேட்டிருப்பான். இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

"அம்மா, அப்பா வந்துட்டாக!" என்று மகள் தமயந்தி எழுந்து ஓடிவந்தாள். ஒன்பது வயது. பேச்செல்லாம் லயத்துப் பேச்சு.

அவன் முகத்தைப் பார்த்ததுமே மூக்கம்மாள் சிலேட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "தமயந்தி, எங்க வீட்டுக்கு வாரியா? பணியாரம் சுட்டிருக்கேன்" என்று பிள்ளையையும் கூட்டிப்போனாள்.

"பாகம் முடிஞ்சுதுங்களா?" என்றாள் சரஸ்வதி.

"சிசிலி டீச்சரைப் பாத்தேன்."

எந்தச் சிசிலி என்று அவள் கேட்கவில்லை. பாயைச் சுருட்டப் போன கை அப்படியே நின்றது.

"எத்தனை கடுதாசி வந்துது?"

"மூணு."

"மூணுக்கும் நான்தான் சம்மதிக்கலியா?"

"அப்படித்தான் எழுதுனேன்."

"என்னெப் பாத்தா குளிர் புடிச்ச ஆளு மாதிரியா தெரியுது உனக்கு? வருசம் நாலு மாசம் இருமறேனே, அது கேக்கலியா?"

"கேட்டுதுங்க."

"எங்கிட்டக் காலியிடம் இல்லீன்னே. அவகிட்ட ஊட்டுக்காரன் விடமாட்டேங்கறான்னே. ஏன் சரசு? எந்த ஊருல இருக்கோணும்னு உனக்கு ஒரு ஆசை இருந்தா, அதை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

சரஸ்வதி எழுந்து நின்றாள்.

"எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்தப்ப உங்கப்பா அதை நெல்லுக் குதிருக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தாரு. பதினோரு நாள். ஞாபகமிருக்குதுங்களா?"

அவன் தோளில் தொங்கிய பையை இறக்கிவைத்தான்.

"உங்களுக்கு மொத நாளே தெரியும். பதினோரு நாளும் எங்கூட ஒரே அறையில படுத்தீங்க. ஜாயின் பண்றதுக்குக் கடைசி நாளைக்கு முந்துன நாள்தான் சொன்னீங்க."

"அப்பனுக்குப் பயந்துட்டு இருந்தேன். ஆனாச் சொன்னேனில்ல? அந்தக் குத்தத்துக்குத்தான் உம்பின்னால வந்தேன். எட்டு வருசம் தராசு புடிச்சேன்."

"நான் அப்படிக் கேக்கலியே."

அது அவனை அடித்த மாதிரி இருந்தது. அவளுக்கும் அது தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"அந்த ஊட்ல எனக்குப் பசிச்சா, எல்லாரும் எப்பச் சாப்புட்டு முடிப்பாங்கன்னு பாத்துட்டு நிக்கோணும். இங்க என்ற ஊட்டுக் கதவை நான் சாத்தறேன், நான் தெறக்கறேன். எனக்கு இந்த ஊர்தான் வேணும். வேலை போனாலும் இந்த ஊர்தான் வேணும். கொழுந்து பறிச்சாவது இங்கயே இருப்பேன். இதை வெளிய சொன்னா, உங்க மனுசரு எனக்கு ஆகலீன்னு அர்த்தமாயிரும். வேலை இங்க இருக்குதுன்னு சொன்னா யாருக்கும் கோவம் வராது. அதனால வேலை மேல பழியைப் போட்டேன்."

"அப்பறம் எம்மேல போட்டே."

"ஆமாங்க. போட்டேன்."

"அவளுக்கொரு கொழந்தை இருக்குது. தெரியுமா?"

"எழுதியிருந்தா."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுந்தான்." சரஸ்வதியின் குரல் முதல் தடவையாக இறங்கியது. "ரெண்டாவது கடுதாசியில எழுதியிருந்தா. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலெ. ஆனாலும் பதில் அதேதான் போட்டேன்."

ஆறுச்சாமி பாரத்தை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தான்.

"வைகாசிக்குள்ள குடும்பத்தோட வந்தர்றேன்னு அண்ணங்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். வெள்ளையடிக்கச் சொல்லியாச்சு. ஒப்புப் போடு."

"என்னைக் கேட்டீங்களா?"

"நீ என்னெக் கேட்டியா?"

அடுப்பில் சோறு கொதித்து மூடியைத் தள்ளிற்று. யாரும் போகவில்லை. கடைசியில் சரஸ்வதிதான் போய் மூடியை எடுத்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாரத்தை எடுத்தாள். விளக்கருகே கொண்டுபோய், சிசிலி நிரப்பியிருந்த பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு பேனாவை எடுத்து, தன் பக்கத்தைத் தப்பில்லாமல் நிதானமாக நிரப்பினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஆறுச்சாமி அவளருகே போனான். "சரசு..." என்று ஆரம்பித்தான்.

"சித்தூருக்கு வர்றேன்" என்றாள் அவள். "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல ஒரு ஊடு பாத்துக்கறேன். நானும் தமயந்தியும் அங்க இருந்துக்கறோம். உங்க தோட்டத்து ஊட்ல நான் கால் வெக்க மாட்டேன்."

"என்ன பேசறே நீ? குடும்பத்தோட வந்து இருந்தாத்தான் ஊடும் வயலும்னு அண்ணன் சொல்லியிருக்கறான்."

"அது உங்க அண்ணன் உங்களுக்குப் போட்ட கண்டிசன். எனக்கில்லீங்க."

"அப்ப நான் எங்க இருக்கறது?"

"அதை நீங்கதான் சொல்லோணும். இத்தனை வருசம் என்ற வேலை சொல்லுச்சு, இப்ப உங்க அண்ணன் சொல்றாரு. நீங்களா ஒரு தடவெ சொல்லுங்க."

அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். பாரத்தை ஒரு நோட்டுக்குள் வைத்து மூடினாள்.

"எங்க கெளம்பறே?"

"கீழ சங்கையா சார் ஊட்டுக்கு. எச்.எம். ஒப்பும் வேணும். இப்பவே குடுத்தர்றேன். விடிஞ்சா எனக்கு மனசு மாறீரும்."

அவள் வாசலைத் தாண்டும்போதுதான் ஆறுச்சாமிக்கு விஷயம் முழுதாக விளங்கியது. அந்தக் காகிதம் தலைமையாசிரியர் கைக்குப் போனால் இந்த வீடு போய்விடும். அங்கே அவள் ஒரு வீட்டில், அவன் இன்னொரு வீட்டில். அதுகூட அண்ணன் விட்டால்தான். பிடிக்காத ஊர், பிடிக்காத குளிர், ஆனாலும் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது இங்கேதான். பகலெல்லாம் பஸ்ஸில் மடியில் வைத்துக் காத்து, கசங்காமல் கொண்டுவந்ததை இப்போது அவள் கையிலிருந்து பிடுங்க வேண்டும் போலிருந்தது.

"சரசு, நில்லு!"

அவள் படியில் நின்றாள். திரும்பவில்லை.

"காலையில குடுத்துக்கலாம். வெள்ளிக்கெழமை வரைக்கும் டயம் இருக்குது. உக்காந்து பேசலாம்."

"அந்தப் பையனுக்கு ஏற்கெனவே ரெண்டு வருசம் போயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி நடந்தாள்.

பனி மூடிய பாதையில் நாலு எட்டுக்கு அப்பால் அவள் தெரியவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கீழே சங்கையா சார் வீட்டு நாய் குரைத்தது. யாரோ தாழ்ப்பாளை நீக்கினார்கள்.

ஆறுச்சாமி செருப்பைக்கூடத் தேடாமல், வெறுங்காலோடு, இருமிக்கொண்டே சரிவில் இறங்கி ஓடினான்.